மாற்றியமைத்த விமான எஞ்சினும் மறுசான்றும்

ஒரே தொழிற்சாலையில், ஒரே வரைபடத்தைக் கொண்டு செய்யப்பெற்ற இரண்டு விமான எஞ்சின்கள் இருப்பதாகக் கொள்க. இருபது ஆண்டுகள் கழித்து அவ்விரண்டும் விற்பனைக்கு வருகின்றன. இரண்டும் சீராக ஓடுகின்றன; எண்ணெய்க் கசிவு இல்லை; ஓசையிலும் குறை காணப்படவில்லை. எனினும் ஒன்றைச் சான்று பெற்ற விமானத்தில் பொருத்தலாம். மற்றொன்றைப் பொருத்துதல் விதிகளுக்கு முரணாகும். முதலாவது நல்ல விலைக்குப் போகிறது. இரண்டாவதற்கு உதிரி உறுப்புகளின் விலையே கிடைக்கக்கூடும். இவ்வேற்றுமை எங்ஙனம் விளைந்தது? இரண்டாவது எஞ்சின் இடைக்காலத்தில் மாற்றியமைக்கப்பட்டது. அம்மாற்றங்கள் ஒழுங்காகப் பதிவு செய்யப்படவுமில்லை.

இது வெறுங் காகிதச் சடங்கு என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது. எஞ்சின் ஒன்றைச் சான்று பெற்ற நிலைக்கு மீட்பதில் பௌதிகம், உலோகவியல், அளவையியல் ஆகிய மூன்றும் பங்கு கொள்கின்றன. பதிவேடு இம்மூன்றின் முடிவுகளையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. இப்பொருளில் விரிவான விதிகளும் நீண்ட அனுபவமும் உள்ள அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடைமுறையை எடுத்துக்கொண்டு இங்கு ஆராயலாம்.

சான்றிதழின் பொருள்

விமானத்தின் அமைப்பை அரசாங்கம் ஆராய்ந்து ஒப்புக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் 1926-ஆம் ஆண்டின் விமான வர்த்தகச் சட்டத்தோடு நிலைபெற்றது. முதலாவது வகைச் சான்றிதழ் 1927-இல் வழங்கப்பெற்றது. 1944-இல் சிக்காகோவில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் எட்டாவது இணைப்பு 1949-இல் ஏற்கப்பட்டது. பறப்பதற்குரிய தகுதி பற்றிய பொது அளவுகோலை உலக நாடுகளுக்கு வகுத்துத் தருவது இவ்விணைப்பே ஆகும்.

வகைச் சான்றிதழ் தனியொரு எஞ்சினுக்கு அளிக்கப்படுவதன்று. ஓர் அமைப்புக்கு அளிக்கப்படுவது. வரைபடங்கள், உலோகக் கலவைகள், உறுப்புகளின் அளவுகள், வேக வரம்புகள், எரிபொருளின் தரம் ஆகிய யாவும் அவ்வமைப்பில் அடங்கும். பிஸ்டன் எஞ்சின் ஒன்று இச்சான்றிதழைப் பெறுமுன் 150 மணி நேரத் தாங்குதிறன் பரீட்சைக்கு உட்பட வேண்டும் என்பது அமெரிக்க விதி. இதனோடு அதிர்வுப் பரீட்சையும், எரிபொருள் முறைதவறி வெடிக்கிறதா என்று காணும் பரீட்சையும் நடைபெறுகின்றன.

இங்குக் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்பரீட்சைகளுக்கு உட்படுவன ஒருசில எஞ்சின்களே. பின்னர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் அவற்றுக்கு உட்படுவதில்லை. ‘இவையும் அதனை ஒத்தவை’ என்னும் ஒப்புமையின் வலிமையாலேயே இவை நம்பத்தக்கவை ஆகின்றன. ஒப்புமை குலையுமாயின் பரீட்சையின் முடிவு அந்த எஞ்சினைப் பற்றி யாதொன்றும் கூறாது. மாற்றியமைத்த எஞ்சின் கெட்டது என்று விதி சொல்வதில்லை. அதன் நன்மை தீமை அறியப்படாதது என்றே சொல்கிறது.

ஆகவேதான் ‘பறக்கத் தகுதியுடையது’ என்னும் சொல்லுக்கு இரண்டு நிபந்தனைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒன்று, எஞ்சின் தன் வகைச் சான்றிதழில் கண்ட அமைப்பையோ, முறையாக அங்கீகரிக்கப்பெற்ற மாற்றத்தையோ ஒத்திருத்தல். மற்றொன்று, அபாயமின்றி இயங்கும் நிலையில் இருத்தல். இரண்டில் ஒன்று குறைந்தாலும் தகுதி இல்லை.

மாற்றம் நேரும் வகை

அமெரிக்காவில் தனி மனிதர்கள் கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் தாமே கட்டும் சிறு விமானங்கள் ஏராளம். இவை ‘சோதனை வகை’ எனப்படும். இவ்வகை விமானத்தில் உரிமையாளரே எஞ்சினைப் பிரிக்கலாம், மாற்றலாம், பூட்டலாம். சான்று பெற்ற விமானங்களுக்குரிய பராமரிப்பு விதிகள் இங்கு அவ்வாறே கட்டுப்படுத்துவதில்லை. புதிய கருத்துகள் பல இவ்வுரிமையின் பயனாய்த் தோன்றியுள்ளன. ஆயினும் இவ்விமானங்களில் பொருத்தப்படும் எஞ்சின்களுட் பல, பிறப்பால் சான்று பெற்றவை. பின்னொரு நாள் அவை சான்று பெற்ற விமானத்திற்கென விலை பேசப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது.

லைக்காமிங் கம்பெனியின் ஓ-360 என்னும் எஞ்சின் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இது 1955-ஆம் ஆண்டு முதல் சான்று பெற்று வழங்குவது. எதிரெதிராகக் கிடக்கும் நான்கு சிலிண்டர்களை உடையது, காற்றினால் குளிர்விக்கப்படுவது. இவ்வகையின் பெரும்பாலான எஞ்சின்களில் அழுத்த விகிதம் 8.5-க்கு 1, நிமிடத்திற்கு 2,700 சுற்றில் 180 குதிரைத் திறன் தருகின்றன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். அவற்றுக்கு மின்சாரம் தருவன இரண்டு மாக்னெட்டோக்கள். சோதனை வகை விமானத்தில் இதனைப் பொருத்துவோர் பொதுவாகச் செய்யும் மாற்றங்கள் மூன்று: அழுத்த விகிதத்தை உயர்த்தும் பிஸ்டன்களை இடுதல், மாக்னெட்டோவை அகற்றி மின்னணு முறைப் பற்றவைப்பை அமைத்தல், கார்புரேட்டருக்குப் பதிலாக வேறு எரிபொருள் புகட்டும் சாதனத்தை வைத்தல்.

இரண்டு கரண்டி இடத்தின் விளைவு

முதல் மாற்றத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் விதிகளின் கண்டிப்பு ஏன் என்பது விளங்கும். ஓ-360 எஞ்சினின் மொத்தக் கொள்ளளவு சுமார் 5,916 கன சென்டிமீட்டர்; ஒரு சிலிண்டருக்கு 1,479. அழுத்த விகிதம் 8.5 ஆயின், பிஸ்டன் உச்சியை அடையும்போது மேலே எஞ்சும் இடம் 1,479-ஐ 7.5-ஆல் வகுத்துக் கிடைக்கும் 197 கன சென்டிமீட்டர். விகிதத்தை 10 ஆக உயர்த்தினால் எஞ்சும் இடம் 1,479-ஐ 9-ஆல் வகுத்துக் கிடைக்கும் 164 கன சென்டிமீட்டர். வேறுபாடு 33 கன சென்டிமீட்டரே. ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி நீர் கொள்ளும் இடம்.

இச்சிறு வேறுபாட்டின் விளைவோ சிறிதன்று. வெப்பம் உட்புகாமலும் வெளியேறாமலும் காற்று அமுங்குவதாகக் கொண்டு பாடப்புத்தக முறைப்படி கணக்கிட்டால், முன்னைய நிலையில் அமுக்கத்தின் முடிவில் அழுத்தம் தொடக்க அழுத்தத்தைப் போல் 20 மடங்காகிறது. பின்னைய நிலையில் 25 மடங்காகிறது. அதாவது அழுத்தம் கால் பங்கு உயர்கிறது. அதே கணக்கின்படி எஞ்சினின் திறமை 57.5 சதவீதத்திலிருந்து 60.2 சதவீதத்திற்கு உயர்கிறது. பழைய திறமையோடு ஒப்பிட்டால் ஆதாயம் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. உண்மை எஞ்சினில் எண்கள் வேறாகும். ஆயினும் போக்கு இதுவே. சிறிது திறன் மிகுவதற்காக உலோகம் சுமக்க வேண்டிய பாரம் பெரிதும் மிகுகிறது.

அழுத்தமும் வெப்பமும் மிகும்போது, எரிபொருட் கலவை சீராக எரியாமல் ஒரே கணத்தில் வெடிக்கும் அபாயம் தோன்றுகிறது. பற்றவைக்கும் நேரத்தை மாற்றினாலும் இதே அபாயம் உண்டு. இவ்வெஞ்சினில் மாக்னெட்டோ வழக்கமாகப் பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 25 பாகைக்கு முன் பொறியை எழுப்பும். மின்னணுச் சாதனங்கள் சுமை குறைந்த வேளையில் அதனினும் முன்னதாகவே எழுப்பும்படி அமைக்கப்படுவதுண்டு. அதனால் சிக்கனம் கிட்டலாம். ஆனால் கிராங்க் தண்டு அடிபடும் விதம் மாறுகிறது.

கிராங்க் தண்டும் புரொப்பெல்லரும் சேர்ந்து ஒரு முறுக்குச் சுருளைப் போல் அதிர்கின்றன. இவ்வெஞ்சின் வகைகள் சிலவற்றைக் குறிப்பிட்ட ஓர் உலோகப் புரொப்பெல்லருடன் இணைக்கும்போது நிமிடத்திற்கு 2,000 முதல் 2,250 சுற்று வரையில் தொடர்ந்து ஓட்டலாகாது என்னும் எச்சரிக்கை உண்டு. அவ்வேகத்தில் அதிர்வு ஒத்திசைந்து பெருகுவதே காரணம். இவ்வெல்லைகள் குறிப்பிட்ட பிஸ்டனையும் பற்றவைப்பு நேரத்தையும் கொண்டு அளந்து காணப்பட்டவை. அவற்றை மாற்றிய பின் அபாய வேகம் எங்கே இருக்கிறது என்பதைப் பழைய அளவீடு காட்டாது.

மீட்கும் வழி

மாற்றியமைத்த எஞ்சினைச் சான்று நிலைக்குக் கொணர வழிகள் இரண்டு. மாற்றங்களை நீக்கி மூல அமைப்புக்கே திரும்புதல் ஒன்று. அம்மாற்றங்களுக்கு முறையான அங்கீகாரம் காட்டுதல் மற்றொன்று. பிறர் முன்னரே பரீட்சை செய்து துணை வகைச் சான்றிதழ் பெற்ற மாற்றமாயின் இரண்டாவது வழி எளிது. அங்ஙனமன்றி, அழுத்த விகிதத்தை மாற்றுவது போன்றவை ‘பெரும் மாற்றம்’ எனக் கருதப்படும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட தொழில்நுட்ப ஆதாரமும், அதற்கென வகுத்த படிவத்தில் கையொப்பமும் வேண்டும். எனவே பெரும்பாலோர் முதல் வழியையே மேற்கொள்கின்றனர். அதன் படிகள் பின்வருமாறு:

1. அடையாளம் காணுதல். எஞ்சினில் பதித்த பெயர்த்தகட்டின் வகை எண்ணும் தொடர் எண்ணும் பதிவேட்டோடு ஒத்திருக்க வேண்டும். அதிகாரிகளின் ஒப்புதலின்றி இத்தகட்டை அகற்றுவதும் திருத்துவதும் விலக்கப்பட்டவை. தகடு காணாமற்போன எஞ்சின் பெயரற்ற உலோகக் குவியலே.

2. முழுவதும் பிரித்தல். வெளியே தெரியும் மாக்னெட்டோவை மீண்டும் பூட்டிவிட்டால் எஞ்சின் பழைய நிலையை அடைந்ததாகாது. உள்ளே இருக்கும் பிஸ்டன், காம் தண்டு, வால்வு, சிறு மரையாணி வரை ஒவ்வொன்றின் எண்ணும் உற்பத்தியாளரின் உறுப்புப் பட்டியலோடு ஒப்பிடப்பட வேண்டும். வேறொருவர் செய்த உறுப்பாயின், அதனைச் செய்ய அவருக்கு அரசாங்க அனுமதி உண்டு என்பது விளங்க வேண்டும். எண்ணும் பத்திரமும் இல்லாத உறுப்பு, காண்பதற்கு எத்துணை நேர்த்தியாயிருப்பினும் ஒதுக்கப்படும்.

3. அளத்தல். தேய்மானத்திற்கு உற்பத்தியாளர் வகுத்த வரம்புப் பட்டியல் உண்டு. கிராங்க் தண்டின் கழுத்துகள், தாங்கிகளின் இடைவெளி, சிலிண்டர்களின் உள்விட்டம் ஆகியன அதனுள் அடங்க வேண்டும். கிராங்க் தண்டின் மேற்பரப்பு நைட்ரஜன் ஊட்டிக் கடினமாக்கப்பட்டது. அக்கடினத் தோல் மெல்லியது. ஆதலின் விரும்பிய அளவுக்குச் சாணை பிடிக்க இயலாது; அனுமதித்த குறையளவுகளுக்கு மட்டுமே பிடிக்கலாம்.

4. மறைந்த விரிசலைத் தேடுதல். எஃகு உறுப்புகளைக் காந்தமாக்கி, ஒளிரும் இரும்புத் துகள்கள் கலந்த திரவத்தை ஊற்றினால், விரிசலின் விளிம்பில் துகள்கள் திரண்டு கோடாகத் தோன்றும். காந்தமேறாத அலுமினிய உறுப்புகளுக்கு ஊடுருவும் சாயம் பயன்படுகிறது. உயர் அழுத்தத்தில் ஓடிய எஞ்சினுக்கு இப்படி மிக முக்கியமானது. பிஸ்டனைக் கழற்றிவிடலாம், ஆனால் அப்பிஸ்டன் ஓடிய காலத்தில் உலோகம் அடைந்த சோர்வைக் கழற்ற முடியாது.

5. கட்டளைகளை நிறைவேற்றுதல். அபாயம் தரும் குறையொன்று ஒரு வகை எஞ்சினில் காணப்பட்டால் அதிகாரிகள் ‘விமானத் தகுதிக் கட்டளை’ பிறப்பிப்பர். சான்றாக, 2004-ஆம் ஆண்டின் ஒரு கட்டளைப்படி, புரொப்பெல்லர் தரையிலோ வேறு பொருளிலோ மோதிய லைக்காமிங் எஞ்சின்கள் பலவற்றில், கிராங்க் தண்டின் பின்முனைப் பல்சக்கரமும் அதன் இணைப்பும் சோதிக்கப்பட வேண்டும். சோதனை வகை விமானத்தில் இருந்த காலத்தில் அத்தகைய மோதல் நிகழ்ந்ததா? பழைய உரிமையாளர் எழுதி வைக்காவிடில் இதற்கு விடை கிடைப்பது அரிது.

6. ஓட்டிப் பார்த்தல். பூட்டிய எஞ்சினைப் பரீட்சை மேடையிலோ உரிய விமானத்திலோ படிப்படியாக வேகமேற்றி ஓட்டி, எண்ணெயின் அழுத்தம், வெப்பநிலை, எண்ணெய்ச் செலவு, முழு வேகத்தில் சுற்று எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.

7. பதிவு செய்தல். செய்த வேலை, அதற்கு ஆதாரமான நூல், முடித்த நாள், செய்தவரின் பெயர், உரிம எண், கையொப்பம் ஆகிய யாவும் பதிவேட்டில் ஏற வேண்டும். கையொப்பமிடுபவர் வேலைக்கு மட்டுமன்றி, எஞ்சின் வகைச் சான்றிதழை ஒத்திருக்கிறது என்பதற்கும் பொறுப்பேற்கிறார்.

இவ்வேழு படிகளுக்கும் ஆகும் செலவு சில வேளைகளில் எஞ்சினின் விலையை எட்டிவிடும். அவ்வாறாயின் எஞ்சினை உள்ளபடியே விவரித்து, சோதனை வகை விமானத்திற்கே விற்றுவிடுதல் நேர்மையான வழி.

விற்பனைச் சொற்கள்

சந்தையில் வழங்கும் சொற்கள் சில மயக்கம் தருவன. ‘ஓவர்ஹால் செய்தது’ என்று பதிவேட்டில் எழுத வேண்டுமாயின், எஞ்சின் பிரிக்கப்பட்டு, துப்புரவாக்கப்பட்டு, ஆராயப்பட்டு, தேவையானவை பழுதுபார்க்கப்பட்டு, மீண்டும் பூட்டப்பட்டு, அங்கீகரித்த முறைப்படி பரீட்சிக்கப்பட்டிருக்க வேண்டும். உறுப்புகள் பயனீட்டு வரம்புக்குள் இருந்தாற் போதும். ‘மறுநிர்மாணம் செய்தது’ என்பது இதனினும் உயர்ந்தது. அதில் உறுப்புகள் புதிய உறுப்புக்குரிய வரம்பையோ அங்கீகரித்த மிகை, குறை அளவுகளையோ ஒத்திருத்தல் வேண்டும்.

பழைய மணிக் கணக்கை நீக்கிப் புதிய பதிவேடு தொடங்கும் உரிமை, உற்பத்தியாளரோ அவர் ஒப்புக்கொண்ட நிலையமோ மறுநிர்மாணம் செய்த எஞ்சினுக்கு மட்டுமே உண்டு. ஓவர்ஹால் செய்த எஞ்சினின் மொத்த மணிகள் அழிவதில்லை. ‘ஓவர்ஹாலுக்குப் பின் இத்தனை மணி’ என்று தனியே குறிக்கப்படும். இவ்வேற்றுமையை அறியாதவர் 3,000 மணி ஓடிய எஞ்சினைப் புதியதென எண்ணி வாங்கிவிடக்கூடும்.

இரண்டு படிப்பினைகள்

1995 ஜூன் 8 அன்று அட்லாண்டா விமான நிலையத்தில் வால்யூஜெட் கம்பெனியின் டிசி-9 விமானம் ஒன்று எழும்புவதற்காக ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அதன் வலப்புற ஜெட் எஞ்சினின் கம்ப்ரசர் வட்டு ஒன்று பிளந்தது. துண்டுகள் விமானத்தின் உடலைத் துளைத்து எரிபொருட் குழாயை அறுத்தன, தீ மூண்டது. ஓட்டம் உடனே நிறுத்தப்பட்டமையால் ஒருவரும் மாளவில்லை, பணிப்பெண் ஒருவர் கடுங்காயமுற்றார், விமானம் அழிந்தது. அவ்வெஞ்சின் துருக்கி விமானக் கம்பெனியிடமிருந்து கைமாறி வந்தது. வட்டில் இருந்த விரிசல் முந்தைய சோதனையிலேயே கண்டறியக் கூடியதாயிருந்தும் தவறவிடப்பட்டது என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. ஒவ்வொரு படியையும் முடித்தவுடன் குறித்து வைக்கும் வேலைத்தாள்கள் கையாளப்படாமையும், போதிய பதிவுமுறை இன்மையும் இதற்குத் துணைக் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

2023-இல் வெளிப்பட்ட செய்தி இதற்கு மறுதலையானது. லண்டனில் இயங்கிய ஒரு வியாபார நிறுவனம், சிஎஃப்எம்-56 ஜெட் எஞ்சின்களுக்கான உறுப்புகளைப் பொய்ச் சான்றுகளுடன் விற்றமை தெரியவந்தது. பல நாட்டு விமானக் கம்பெனிகள் தம் எஞ்சின்களைத் தேடிச் சோதித்து அவ்வுறுப்புகளை அகற்ற நேர்ந்தது. அட்லாண்டாவில் ஆவணத்தின் குறை உலோகத்தின் குறையை மறைத்தது. இங்கு ஆவணமே பொய்யாயிருந்தது. பத்திரத்தைப் பெறுவதோடு நில்லாமல், அதை வழங்கியதாகக் கூறப்படும் நிலையத்தையே வினவி உறுதி செய்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இந்தியாவில்

நம் நாட்டில் விமானத் தகுதியைக் கண்காணிப்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்திற்குப் பதிலாகப் பாரதீய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. வகைச் சான்றிதழ், அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிலையம், உரிமம் பெற்ற பராமரிப்பு என்ஜினீயர், உறுப்போடு வரும் விடுவிப்புச் சான்று ஆகிய நான்கு தூண்கள் இங்கும் உண்டு. வெளிநாட்டிலிருந்து பழைய எஞ்சினை வாங்கும் பறக்கும் கழகமோ பயிற்சிப் பள்ளியோ, விலை பேசுமுன் பதிவேட்டின் முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை இடைவெளி உள்ளதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

இப்பாடத்தின் பயன் விமானத்தோடு முடிவதன்று. மழைமானி, மின்மானி, பால் சோதிக்கும் கருவி, நீரேற்றும் பம்பு ஆகிய எதனையும் ஒருமுறை திருத்தியமைத்தால், அதன் பழைய அளவைச் சான்று புதிய நிலைக்குப் பொருந்துமா என்னும் கேள்வி எழுகிறது. திருத்திய நாளிலேயே திருத்தத்தையும் காரணத்தையும் எழுதி வைத்தல், பின்வருபவருக்குப் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். ஆசிரியர்கள் பின்வரும் வினாக்களை வகுப்பில் எழுப்பலாம்:

(அ) ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 1,479 கன சென்டிமீட்டர். அழுத்த விகிதம் 9 ஆயின் பிஸ்டனுக்கு மேல் எஞ்சும் இடம் எவ்வளவு?

(ஆ) உயர் அழுத்தப் பிஸ்டன்களை அகற்றி மூலப் பிஸ்டன்களை இட்டபின்னும் கிராங்க் தண்டைச் சோதிக்க வேண்டுவது ஏன்?

(இ) அலுமினிய உறுப்பில் விரிசல் காணக் காந்தத் துகள் முறை பயன்படாதது எதனால்?

(ஈ) பள்ளி ஆய்வுக்கூடத்தில் பழுதுபார்த்த ஒரு கருவியைத் தெரிந்தெடுத்து, அதற்கு ஒரு பதிவேடு தொடங்குக. அக்கருவியை அறியாத மாணவர் ஒருவர் அப்பதிவேட்டை மட்டும் படித்து, அதனை இன்று நம்பலாமா என்று கூறட்டும். அவரால் கூற இயலாவிடின், எழுதாமல் விட்டவை யாவை என்று கண்டறிக.